முன்கதவு மெஷினைச் செய்தவர் யார்?

மலர்க் குழுவினர் வழக்கம்போல் கட்டுரை கேட்டு வந்தபோது, சமணக் கல்வெட்டுகளைப் பற்றித்தான் எழுதுவேன் என்று நினைத்திருந்தார்கள். வாஷிங் மெஷினைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் ஒருவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "அதுக்கெல்லாம் வரலாறு இருக்கா, ஐயா?" என்றார். ஏன் இல்லை? அரசனுக்கும் கோயிலுக்கும் மட்டும்தான் வரலாறு என்று எந்தச் செப்பேட்டில் எழுதியிருக்கிறது? நம் வீட்டுப் பின்கட்டில் பத்துப் பதினைந்து ஆண்டு உருண்டு உருண்டு உழைத்த ஒரு பொருளுக்கும் ஊர், பேர், குலம், கோத்திரம் எல்லாம் உண்டு. அதைத் தேடிப் பார்த்தால் சில வேடிக்கையும் சில வேதனையும் கிடைக்கும்.

அடியேன் தொழிலால் வியாபாரி. சலவை இயந்திரங்களின் உதிரி பாகங்கள், அதாவது பெல்ட், பேரிங், கதவு ரப்பர், பம்ப், ஹீட்டர் இவற்றை லோகார் சாலிலிருந்து வாங்கிவந்து சயானுக்கு இப்பால் விற்றுப் பிழைத்தவன். கடைப் பலகையில் 'ஜெயின்' என்று இருப்பதால் வருகிறவர்கள் பாதிப்பேர் "சேட்ஜீ" என்று இந்தியில் ஆரம்பிப்பார்கள். நான் வந்தவாசிப் பக்கத்துத் தமிழில் பதில் சொன்னதும் திகைத்துப் போவார்கள். தமிழ் பேசும் சமணர்கள், நயினார்கள் என்று ஒரு கூட்டம் இரண்டாயிரம் ஆண்டாகத் தொண்டை மண்டலத்தில் இருக்கிறது என்று அவர்களுக்கு விளக்கி முடிப்பதற்குள் ஒரு பெல்ட் விற்றுவிடும். பலகையில் உள்ள பெயரை வைத்து உள்ளே இருப்பவனை எடை போடக் கூடாது என்பது எனக்குச் சொந்த அனுபவம். இந்தக் கட்டுரையும் ஏறக்குறைய அதைப் பற்றியதுதான்.

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் 1990களில் வாங்கிய முன்கதவு மெஷினைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நம்மவர்களுக்கு முகம் மலர்ந்துவிடும். வட்டக் கண்ணாடிக் கதவு, உள்ளே துணி புரளுவதைச் சினிமா மாதிரி உட்கார்ந்து பார்த்த குழந்தைகள், மூன்று மாடிக்கு லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் நான்கு ஆள் தோளில் தூக்கி ஏற்றிய கதை, எல்லாம் வரும். மாட்டுங்கா மாமி ஒருவர் இறுதிவரை அதை "ஜெர்மன் மெஷின்" என்றுதான் சொல்வார். "இப்போ வர்றதெல்லாம் டப்பாப்பா. இது அசல் ஜெர்மன்!" மடிப் புடவையை மட்டும் அதில் போடாமல் கையால் நனைத்துக் காயப்போடுவார் என்பது வேறு விஷயம். பேரிங் மாற்ற மெஷினைத் திருப்பியபோது பின்புறத் தகட்டைக் காட்டினேன். அதில் இருந்த ஊர் கோவா. மாமி ஒப்புக்கொள்ளவில்லை. "கோவாவுல முந்திரிதான் விளையும்" என்று முடித்துவிட்டார்.

அந்த மெஷினின் கதை இதுதான். 1974இல் கல்கத்தாவில் ஒரு கம்பெனி தொடங்கியது. அதன் பெயர் இந்தியன் ஃபைன் பிளாங்க்ஸ். ஸ்விட்சர்லாந்தின் ஹைன்ரிஹ் ஷ்மிட் என்ற கம்பெனியின் கூட்டுறவோடு, உலோகத் தகட்டை ஓரம் பிசிறில்லாமல் அழுத்தி வெட்டும் நுட்பத்தைக் கொண்டுவந்தார்கள். வண்டிகளுக்கும் இயந்திரங்களுக்கும் வேண்டிய சிறு சிறு பாகங்களைச் செய்வதே அவர்கள் தொழில். துணிக்கும் அவர்களுக்கும் சம்பந்தமே கிடையாது. அந்த ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் வருவதுதான் ஐ.எஃப்.பி. என்னிடம் வரும் இளைஞர்களில் பத்தில் ஒன்பது பேர் இதை ஏதோ வெளிநாட்டுப் பெயர் என்றே நினைத்திருக்கிறார்கள்.

1990ஐ ஒட்டி இந்தக் கம்பெனி, ஜெர்மனியின் போஷ்-சீமென்ஸ் வீட்டுச் சாதனக் கூட்டு நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு கோவாவில் வெர்ணா என்ற இடத்தில் முன்கதவு மெஷின் செய்ய ஆரம்பித்தது. முதல் சில ஆண்டுகள் முகப்பில் 'ஐ.எஃப்.பி. போஷ்' என்று இரண்டு பெயரும் இருந்தன. நம் மாமிக்குப் பிடித்துப்போனது அந்த இரண்டாவது பெயர். வரைபடம் ஜெர்மன், மூலதனம் கல்கத்தா, கை கோவா. பின்னால் ஜெர்மன் கூட்டாளி விலகிய பிறகும் மெஷின் அதே ஊரில்தான் உருவாகிவந்தது.

மற்ற கம்பெனிகள் எல்லாம் இரட்டைத் தொட்டி செமி-ஆட்டோமேட்டிக்கையும் மேல்மூடி மெஷினையும் விற்றுக்கொண்டிருந்த காலத்தில் இந்த முன்கதவு வகை மும்பையில் ஏன் காலூன்றியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேல்மூடி மெஷினில் துணி மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் வேண்டும். முன்கதவில் டிரம் படுத்துச் சுழல்கிறது. தண்ணீர் அடிப்பகுதியில் மட்டும் நின்றால் போதும். டிரம்மின் உட்பக்கத்து மேடுகள் துணியை மேலே தூக்கிக்கொண்டுபோய்க் கீழே போடுகின்றன. யோசித்துப் பார்த்தால் இது துறையில் வண்ணார் செய்ததேதான். துணியைத் தூக்கு, கல்லில் அடி, மறுபடி தூக்கு. மாநகராட்சித் தண்ணீர் கணக்குப் பார்த்துச் சில மணி நேரம் மட்டும் வருகிற ஊரில், மாடித் தொட்டியில் இருப்பதை வைத்துக் காலம் தள்ளுகிறவர்களுக்கு இது பெரிய காரியம். தான்சா, வைதர்ணா ஏரித் தண்ணீர் மென்மையானது என்பதால் ஹீட்டரில் அவ்வளவாக உப்புப் படியாது. அதே மெஷினை டேங்கர் தண்ணீரில் ஓட்டிய நவி மும்பைக்காரர்கள்தான் ஹீட்டர் கேட்டு என் கடைக்கு அதிகம் வந்தார்கள். தண்ணீர் உள்ளே வரும் வாயில் ஒரு சின்ன வலை வடிகட்டி இருக்கும். தண்ணீரை வடிகட்டிக் குடிக்கிற குலத்தில் பிறந்தவன் என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பிரியம். பைப்பு வேலைக்காக ஒரு நாள் தண்ணீரை நிறுத்தித் திறந்தால் போதும், துரு வந்து அதை அடைத்துக்கொள்ளும். "மெஷின் போச்சு" என்று ஓடிவருவார்கள். வலையைக் கழற்றிக் கழுவி மாட்டினால் ஓடும்.

இந்த வகை மெஷினுக்கு மூதாதை அமெரிக்காவில் இருக்கிறது. 1937இல் வந்த பெண்டிக்ஸ்தான் வீட்டுக்கென்று செய்த முதல் தானியங்கி. அதுவும் முன்கதவுதான். அதிர்வைத் தாங்கும் ஸ்பிரிங் ஏற்பாடு அப்போது இல்லாததால் அதைத் தரையில் போல்ட் போட்டு இறுக்க வேண்டியிருந்தது. நான் படித்தபோது புன்னகைத்த இடம் வேறு. பெண்டிக்ஸ் என்றால் அன்றைக்கு விமானப் பாகங்கள் செய்யும் பெரிய கம்பெனி. ஆனால் சலவை மெஷின் செய்தது, 1936இல் அதே ஊரில் ஜட்சன் சேர் என்பவர் தொடங்கிய தனிக் கம்பெனி. விமானக் கம்பெனி தன் பெயரைக் கொடுத்து, அதற்குப் பதிலாகக் கால்வாசிப் பங்கை வாங்கிக்கொண்டது. பெயரை வாடகைக்கு விட்டார்கள் என்றே சொல்லலாம். பிறகு 1950இல் ஆவ்கோ, 1956இல் ஃபில்கோ என்று கைமாறியது. முகப்பில் மட்டும் பெண்டிக்ஸ்.

அமெரிக்காவில் பாட்டி வீட்டுக் கென்மோரை நினைத்து உருகுகிறவர்கள் ஏராளம். பழைய மெஷின்களைத் தேடிப் பிடித்து, துடைத்து, ஓட்டிப் பார்த்து மகிழ்கிறவர்களும் உண்டு. கென்மோர் என்பது சியர்ஸ் என்ற கடைக்காரர்கள் வைத்த பெயர். அவர்களுக்கென்று சலவை மெஷின் ஆலையே கிடையாது. வெகுகாலம் அதைச் செய்துகொடுத்தது வேர்ல்பூல். வெஸ்டிங்ஹவுஸ் 1940களில் சாய்ந்த முகப்பு மெஷினை விற்றது. அந்த வீட்டுச் சாதனத் தொழில் 1975இல் வொய்ட் கம்பெனிக்குப் போய், அவர்களும் 1986இல் ஸ்வீடனின் எலக்ட்ரோலக்ஸில் கரைந்தார்கள். நம் காலத்துக்கு வந்தால், போஷும் சீமென்ஸும் 1967இல் சேர்ந்து தொடங்கிய கூட்டில் தன் பங்கு முழுவதையும் சீமென்ஸ் விற்றுவிட்டது. 2015 ஜனவரியில் அது முடிந்தது. ஆகவே இன்று சீமென்ஸ் என்று எழுதிய வாஷிங் மெஷினுக்கும் சீமென்ஸ் கம்பெனிக்கும் உள்ள உறவு, பெயர் பயன்படுத்தும் உரிமம் மட்டுமே. கடையில் இதைச் சொன்னால் என்னை அடிக்க வருவார்கள்.

கழுகுமலை நம் தாராவி அண்ணாச்சிமார் பலருக்குச் சொந்த ஊர்ப் பக்கம். வெட்டுவான்கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். இன்னும் கொஞ்சம் ஏறினால் பாறை முழுதும் வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர் உருவங்கள். 8, 9ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. அடியில் வட்டெழுத்தில் நூறளவுக்குச் சிறு கல்வெட்டுகள். இன்ன ஊர் இன்னார், இன்ன குரத்தியார், அவர் மாணாக்கர் இன்னார் என்று பெயர் சொல்லி, 'செய்வித்த திருமேனி' என்று முடியும். செய்வித்த என்பதைக் கவனிக்க வேண்டும். பொருள் கொடுத்துச் செய்யச் சொன்னவர் பெயர் அது. உளி பிடித்தவன் பெயரைத் தேடித் தேடிப் பார்த்தாலும் அந்தச் சொற்றொடரில் அவனுக்கு இடமில்லை. தமிழ் இலக்கணம் தன்வினை, பிறவினை என்று எவ்வளவு நேர்மையாகப் பிரித்து வைத்திருக்கிறது பாருங்கள்! செய்தான் வேறு, செய்வித்தான் வேறு. கழுகுமலைக்காரர்கள் குறைந்தபட்சம் பொய் சொல்லவில்லை. 'செய்த' என்று எழுதிக்கொள்ளாமல் 'செய்வித்த' என்றே எழுதினார்கள். மெஷின் முகப்பில் பளபளக்கும் பெயருக்கு இந்த வினையெச்ச நேர்மைகூடக் கிடையாது. வெறும் பெயர், வினையே இல்லை. (வினையெச்சம் அல்ல, பெயரெச்சம் என்று தமிழாசிரியர்கள் திருத்துவதற்குள் நானே திருத்திவிடுகிறேன்.)

எங்கள் பக்கத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி போகும் வழியில் திருபுவனை. ராஜாதிராஜ சோழன் காலத்தில், 1048இல், 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் கொண்ட கல்லூரி ஒன்று அங்கே நடந்ததைக் கல்வெட்டு சொல்கிறது. அதே ஊரில்தான் வேர்ல்பூல் வாஷிங் மெஷின் ஆலை இருக்கிறது. 1980களின் பிற்பகுதியில் நம் டி.வி.எஸ். குழுமத்தின் சுந்தரம்-கிளேட்டனும் அமெரிக்க வேர்ல்பூலும் சேர்ந்து டி.வி.எஸ். வேர்ல்பூல் என்று தொடங்கினார்கள். 1990களின் நடுவில் அமெரிக்கர் கையோங்கி, கெல்வினேட்டர் இந்தியாவையும் வாங்கிச் சேர்த்து, வேர்ல்பூல் ஆஃப் இந்தியா ஆயிற்று. டி.வி.எஸ். என்ற மூன்றெழுத்து முகப்பிலிருந்து மறைந்துபோனது. ஆலையும் ஆட்களும் அங்கேயேதான். திண்டிவனம், விழுப்புரம் பக்கத்துப் பையன்கள் ஐ.டி.ஐ. முடித்துவிட்டுச் சைக்கிளிலும் பஸ்சிலும் போய் வேலை பார்த்தார்கள். செம்பூரில் ஒருவர் "அமெரிக்கா மெஷின், சும்மாவா" என்று தட்டிக் காட்டியபோது, அதை முடுக்கிய கை என் மாமன் ஊர்க் கையாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. அவர் பாகத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

பெயர்கள் சாவதில்லை, கூடு விட்டுக் கூடு பாயும். கெல்வினேட்டர் ஆலை ஒருவருக்குப் போனது, பெயர் பிற்பாடு இன்னொருவருக்கு. எலக்ட்ரோலக்ஸின் இந்தியத் தொழிலை 2005இல் வீடியோகான் வாங்கியது. அந்த வீடியோகானே 2018இல் திவால் நடவடிக்கைக்கு உள்ளானது. பாலக்காட்டில் 1963இல் பிறந்த பி.பி.எல்.லின் முதலெழுத்து பிரிட்டிஷைக் குறிப்பது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? இன்னொரு பக்கம், பெயரே இல்லாமல் செய்து கொடுப்பவர்கள் பெருகிவிட்டார்கள். டிக்ஸன் என்ற கம்பெனி டேராடூனிலும் திருப்பதியிலும் பல கம்பெனிகளுக்கு வாஷிங் மெஷின் செய்துதருகிறது. முகப்பில் அந்தப் பெயரைத் தேடினால் கிடைக்காது. இதைக் குற்றமாக நான் சொல்லவில்லை. வியாபாரி என்ற முறையில் எனக்கு இதன் நியாயம் புரிகிறது. வாங்குகிறவன் பெயருக்குக் காசு கொடுக்கத் தயாராக இருக்கும்வரை விற்கிறவன் பெயரைத்தான் விற்பான்.

ஆனால் பெயரை நம்பியவன் கஷ்டப்படுவது பாகம் தேடும்போது. எனக்கே நேர்ந்தது. என் மகள் கல்யாணத்துக்கு வாங்கிக்கொடுத்த மெஷின், பெரிய பெயர்தான், பத்தாண்டு கழித்துக் கதவு ரப்பர் கிழிந்தது. "அந்த மாடலை நிறுத்திவிட்டோம், புதிது வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார்கள். நான் பின்தகட்டில் உள்ள எண்களையும் டிரம்மின் வடிவத்தையும் பார்த்தேன். வேறொரு பெயரில் விற்ற, ஒரே ஆலையில் பிறந்த இரட்டைப் பிள்ளை அது என்று தெரிந்தது. அந்தப் பெயருக்கான ரப்பர் என் கடை மூலையிலேயே கிடந்தது. மாட்டினேன், பொருந்தியது. யார் செய்தார்கள் என்பது வெறும் ஆராய்ச்சி இல்லை, அறுபது எழுபது கிலோ இரும்பு குப்பைக்குப் போவதா வேண்டாமா என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

குப்பைக்குப் போவது என்றால் நம்ம ஊரில் பெரும்பாலும் தாராவி பதின்மூன்றாம் காம்பவுண்டுக்கோ குர்லாவுக்கோ போவதுதான். மின்கழிவுக்கென்று 2012இலிருந்து விதிமுறை நடைமுறையில் இருக்கிறது. ஆனாலும் வாசலில் பங்கார்வாலா குரல் கேட்டால் அவரிடம்தான் கொடுக்கிறோம். உடைக்கிற இடத்தில் நின்று பார்த்திருக்கிறேன். முதலில் கண்ணாடிக் கதவு. பிறகு மேலும் கீழுமாக இருக்கும் கான்கிரீட் எடைக்கற்கள். சுழலும்போது மெஷின் துள்ளாமல் இருக்கப் போட்டது, யாருக்கும் வேண்டாம். ஸ்டெயின்லெஸ் டிரம்முக்கு நல்ல விலை. மோட்டாரிலிருந்து செம்புக் கம்பி. பிளாஸ்டிக்கைக் கடித்தும் சுண்டியும் பார்த்தே எந்த வகை என்று சொல்லிவிடும் பெண்கள் அங்கே உண்டு. ஒரே மெஷினுக்குள்ளிருந்து ஐந்தாறு பெயர்கள் வெளியே வரும். பேரிங்கில் ஸ்வீடன் கம்பெனிப் பெயர். அந்தக் கம்பெனிக்குப் புனே சிஞ்ச்வாடில் ஆலை இருக்கிறது. பம்பில் இத்தாலிப் பெயர். ஹீட்டரில் வேறொன்று. முகப்பில் இருந்த பெயர் ஒரு ஸ்டிக்கர், அதுதான் முதலில் கிழிகிறது.

செய்தவர்கள் தாங்களே வாய் திறந்த சந்தர்ப்பங்களும் வரலாற்றில் இருக்கின்றன. இங்கிலாந்தில் லிவர்பூல் பக்கத்தில் கிர்க்பி என்ற ஊரில் ஃபிஷர்-பெண்டிக்ஸ் ஆலை இருந்தது. மேலே சொன்ன பெண்டிக்ஸின் பிரிட்டிஷ் கிளைக்கதை. அதை மூடப் போகிறோம் என்றதும் 1972 ஜனவரியில் தொழிலாளிகள் ஆலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்கள். மூடுவது தள்ளிப்போனது. சில ஆண்டுகள் கழித்து அவர்களே கூட்டுறவாக நடத்தினார்கள். 1979 வரை தாக்குப்பிடித்தது. கைவேலை தெரிந்திருந்தது, சந்தை தெரியவில்லை என்று சிலர் எழுதுகிறார்கள். வங்கியும் அரசும் கை கொடுத்த அளவு போதவில்லை என்று வேறு சிலர். எனக்கு இரண்டாவது கட்சிதான் நியாயமாகப் படுகிறது.

நம் நாட்டில் அண்மையில் நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஸ்ரீபெரும்புதூரில் 2007இலிருந்து நடக்கும் சாம்சங் ஆலையில் ஃப்ரிட்ஜ், டி.வி.யோடு வாஷிங் மெஷினும் செய்கிறார்கள். 2024 செப்டம்பர் 9 தொடங்கி 37 நாள் வேலைநிறுத்தம். சம்பளமும் ஒரு கோரிக்கைதான். ஆனால் இழுபறியாக நின்றது, சங்கத்துக்கு அவர்கள் வைத்துக்கொண்ட பெயரைப் பதிவுசெய்வதில். அந்தப் பெயரில் 'சாம்சங்' என்ற சொல் இருக்கக்கூடாது என்று கம்பெனி எதிர்ப்புத் தெரிவித்தது. தாங்கள் செய்கிற ஒவ்வொரு பெட்டியிலும் ஒட்டுகிற பெயரைத் தங்கள் சங்கத்தின் பெயரில் வைத்துக்கொள்ளலாமா கூடாதா என்று ஒரு வழக்கு! கழுகுமலைச் சிற்பி கேட்காததை இவர்கள் கேட்டார்கள். 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது.

பழைய மெஷின்தான் உசத்தி என்று நான் சொல்லமாட்டேன். கரண்டை விழுங்கும், ஒரு ஈடு துவைக்க இரண்டு மணி நேரம் எடுக்கும், பிழிந்த துணி சொட்டும். ஆனால் அதில் வெளித்தொட்டியைப் போல்ட் கழற்றிப் பிரிக்கலாம், பேரிங்கைத் தட்டி எடுத்து மாற்றலாம். இப்போதைய பல மாடல்களில் பிளாஸ்டிக் தொட்டியை உருக்கி ஒட்டிவிடுகிறார்கள். சில நூறு ரூபாய் பேரிங் போனால் மொத்தத் தொட்டியையும் மாற்றச் சொல்கிறார்கள். ஏக்கம் கொள்வதென்றால் இதற்காகக் கொள்ளலாம். முகப்புப் பெயருக்காக வேண்டாம். ஜெர்மன் மெஷின்தான் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு செய்தி. போஷ்-சீமென்ஸ் காரர்கள் 2014இல் சென்னைக்கு அருகிலேயே வாஷிங் மெஷின் ஆலை திறந்துவிட்டார்கள்.

வாசக அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் 2000க்கு முந்திய முன்கதவு மெஷின் எதுவும் இருந்தால், ஓடினாலும் ஓடாவிட்டாலும், பங்கார்வாலாவைக் கூப்பிடுமுன் பின்புறத்திலோ கதவு விளிம்பின் உட்புறத்திலோ ஒட்டியிருக்கும் தகட்டை ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஒரு போட்டோ எடுங்கள். மாடல் எண், வரிசை எண், ஊர் மூன்றும் தெரிய வேண்டும். வாங்கிய ரசீது இருந்தால் இன்னும் நல்லது. சங்க அலுவலகத்தில் என் பெயர் சொல்லிக் கொடுத்துவிடுங்கள், நான் வந்து வாங்கிக்கொள்கிறேன். இதுவரை நாற்பத்தொரு தகடுகள் சேர்த்திருக்கிறேன். எழுத்து அழிந்துபோன தகடாக இருந்தாலும் பரவாயில்லை, வட்டெழுத்தையே படித்தாகிவிட்டது.